வாடகைத் தூரிகை

மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு

உழவனுக்கு ஏர், தச்சனுக்கு உளி, ஓவியனுக்குத் தூரிகை. எத்தொழில் செய்வோனும் தன் கருவியைத் தன் உடைமையாகக் கொள்ளவே விரும்புவான். ஆயுத பூசை நாளன்று மயிலாப்பூர் மாட வீதிகளில் ஒரு சுற்று நடந்து வந்தால் இது விளங்கும். தையற்கடையில் தையல் இயந்திரத்துக்கும், அச்சகத்தில் அச்சு இயந்திரத்துக்கும், ஸ்டுடியோவில் காமிராவுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டுப் பொரியும் கடலையும் படைத்திருப்பார்கள். இப்போது கணிப்பொறிக்கும் பொட்டு உண்டு. கணிப்பொறி கடைக்காரர் காசு கொடுத்து வாங்கியது; ஆகவே அது அவருடையது. ஆனால், அதனுள்ளே இருந்துகொண்டு படத்தைத் திருத்தித் தரும் மென்பொருள் அவருடையதுதானா?

இச்சிறு வினாவே இக்கட்டுரையின் கருப்பொருள். மாத வாடகை செலுத்திப் பயன்படுத்தும் ஒளிப்படத் திருத்த மென்பொருளை விடுத்து, கட்டற்ற மென்பொருளுக்கு நம் மாணவர்கள், குறிப்பாக நம் ஆண்டு மலர்க் குழுவினர், மாற வேண்டும் என்பது என் கருத்து. பணம் மிச்சமாகும் என்பது உண்மையே. அதனினும் பெரிய காரணங்கள் உள்ளன. அவற்றை முறையே கூறுகிறேன்.

பென்சிலும் பிளேடும்

மாட வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு பழைய ஸ்டுடியோ இருக்கிறது. என் பாட்டியின் திருமணப் படம் அங்கு எடுத்ததுதான். அதன் உரிமையாளருக்கு இன்று எழுபது வயதுக்கு மேல். நெகடிவ் காலத்தில் அவர் 'டச்சிங்' வேலை செய்த விதத்தை ஒரு மாலை எனக்கு விளக்கினார். சாய்வான பலகையில் பதித்த கண்ணாடியின் மேல் நெகடிவை வைத்து, அடியிலிருந்து வெளிச்சம் வரச் செய்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகச் சுருக்கங்களின் மேல் மெல்லத் தீட்டுவாராம். தீட்டிய இடம் அச்சில் வெளுத்துத் தெரியும், சுருக்கம் மறையும். கறுக்க வேண்டிய இடத்தைப் பிளேடு முனையால் சுரண்டுவாராம். பென்சில், பிளேடு, மெல்லிய தூரிகை ஆகிய மூன்றையும் ஒரு பழைய தகரப் பெட்டியில் இன்னும் வைத்திருக்கிறார்.

"நாற்பது வருஷம் இதுலதான் சோறு சாப்பிட்டோம் தம்பி. இந்தப் பென்சிலுக்கு மாசா மாசம் யாருக்கும் காசு கட்டினதில்லை" என்று அவர் கூறியபோது, அருகில் கணிப்பொறி முன் அமர்ந்திருந்த அவர் மகன் சிரித்தார். அச்சிரிப்பில் சற்றுக் கசப்பும் இருந்தது. ஏனெனில் அவர் மாதந்தோறும் கட்டணம் கட்டுகிறார். ஆடி மாதத்தில் திருமணம் இல்லை. ஆல்பம் வேலையும் இல்லை. ஆனால் கட்டணம் ஆடிக்கும் உண்டு, ஆவணிக்கும் உண்டு. கட்டத் தவறினால் மென்பொருள் திறக்காது. பல ஆண்டுகளாக அதன் வடிவத்திலேயே சேமித்து வைத்த ஆல்பக் கோப்புகளை, அடுக்கு அடுக்காக மீண்டும் திருத்தவும் இயலாது. தாம் உழைத்துச் செய்த வேலையைத் தாமே திறந்து திருத்துவதற்கு வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது. வீட்டு வாடகை கொடுப்போர் அறிவர்: எத்தனை ஆண்டு கொடுத்தாலும் ஒரு செங்கல்லும் நமதாகாது.

வாடகை வந்த வரலாறு

வரலாற்று மாணவன் ஆதலின் ஆண்டுகளைக் கூறாமல் செல்ல மனம் வரவில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவரான தாமஸ் நோல் என்பவர் 1987இல் எழுதத் தொடங்கிய நிரலே பின்னர் ஃபோட்டோஷாப் ஆயிற்று. அவர் தம்பி ஜான் நோல் உடன் உழைத்தார். 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனம் அதன் முதற்பதிப்பை வெளியிட்டது. அதன் சிறப்பைக் குறைத்துக் கூறுவது நேர்மையாகாது. 'படத்தைத் திருத்து' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஃபோட்டோஷாப் பண்ணு' என்று தியாகராய நகர் பாண்டி பஜார்க் கடைப் பையனும் சொல்லும் அளவுக்கு அது பெயர் பெற்றது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதனைப் பெட்டியில் வைத்து விற்றார்கள். ஒருமுறை வாங்கினால் அப்பதிப்பு வாங்கியவரிடமே இருந்தது. 2013 மே மாதத்தில் அடோபி நிறுவனம், 2012இல் வெளிவந்த சி.எஸ்.6 பதிப்புக்குப் பின் அவ்வாறு விற்பதில்லை என்றும், இனிச் சந்தா முறையில்தான் புதிய பதிப்புகள் கிடைக்கும் என்றும் அறிவித்தது. ஒளிப்படக்காரர்கள் விரும்பும் லைட்ரூமும் 2015இல் வந்த ஆறாம் பதிப்போடு சொந்தமாக வாங்கும் முறையை முடித்துக்கொண்டது.

இதற்கு ஆதரவாகவும் வாதம் உண்டு. முன்பு மொத்த விலை மிக அதிகம்; சிறு கடைக்காரரால் ஒரே தவணையில் தர இயலாது. மாதம் சிறு தொகை என்றால் சட்டப்படி பயன்படுத்த வழி பிறக்கிறது. புதிய வசதிகளும் உடனுக்குடன் வருகின்றன. இவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாடகைக்கு உள்ளே வருவது எளிது, வெளியே செல்வது கடினம். ஆண்டு ஒப்பந்தத்தை இடையில் முறிப்போரிடம் பெறும் கட்டணத்தை முன்கூட்டித் தெளிவாகச் சொல்லவில்லை எனக் குற்றஞ்சாட்டி, 2024 ஜூனில் அமெரிக்க அரசே அடோபி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. வாடகை முறையின் இயல்பை அறிய இஃது ஒரு சான்று.

எங்கள் குற்றம்

பிறரைப் பற்றிப் பேசிய நான் எங்கள் குற்றத்தையும் கூற வேண்டும். வாடகையும் கட்டாமல், விலையும் கொடாமல், 'கிராக்' செய்த திருட்டுப் பிரதியைப் பென் டிரைவில் கைமாற்றிக்கொள்வது மாணவரிடையே குற்றமாகவே கருதப்படுவதில்லை. ஆனால் அது குற்றம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தத்தால் சேர்ந்த 63-பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று அறிந்தே மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது.

சட்டம் எங்களைத் தீண்டவில்லை, வேறொன்று தீண்டியது. சென்ற ஆண்டு நம் நூலகத்தில் முப்பது ஆண்டு பணிபுரிந்த உதவியாளர் ஒருவர் ஓய்வு பெற்றார். அவ்விழாவின் படங்களை நானும் என் நண்பனும் எடுத்தோம். நண்பனின் மடிக்கணினியில் அத்தகைய பிரதி ஒன்றை நிறுவினோம். இரண்டு நாளில் கணினி நோயுற்றது. கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டு, திறக்கப் பணம் கேட்கும் அறிவிப்பு திரையில் நின்றது. படங்கள் போயின. அதன்பின் நூலகத்துக்கு ஒரு வேலையாக வந்த அம்முதியவர், "தம்பி, அந்த போட்டோ எப்போப்பா தருவே? வீட்டுல கேக்குறாங்க" என்று என்னிடம் கேட்டார். "சீக்கிரம் தரேன் ஐயா" என்று பொய் சொன்னேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பொய்தான்.

இரு மாணவர் விதைத்த விதை

படங்களை இழந்த பிறகே ஜிம்ப் என்னும் மென்பொருளை அறிந்தேன். இதன் பிறப்பு நமக்கு ஊக்கமூட்டுவது. 1995இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் தம் பாட வேலையாக இதைத் தொடங்கினார்கள். 1996 ஜனவரியில் உலகுக்கு வழங்கினார்கள், 1998இல் 1.0 பதிப்பு வந்தது. அதற்குள் அவ்விருவரும் படிப்பை முடித்து வேறு பணிகளுக்குச் சென்றுவிட்டனர். ஒரு நிறுவனத்தின் உடைமையாக இருந்திருப்பின் அன்றே அது மூடப்பட்டிருக்கலாம். மூலநிரல் எல்லார்க்கும் திறந்திருந்தமையால் முன்பின் அறியாத தொண்டர்கள் அதை ஏற்று வளர்த்தனர். 2025 மார்ச்சில் அதன் 3.0 பதிப்பு வெளிவந்தது.

அதில் என்ன செய்யலாம்? கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் படத்தை அடுக்குகளாக்கித் திருத்தலாம். மங்கலான படத்தின் ஒளியை வளைகோட்டை இழுத்துச் சீராக்கலாம். ஸ்டுடியோ முதியவர் பென்சிலால் மறைத்த சுருக்கத்தை 'ஹீல்' கருவியால் மறைக்கலாம். அரசுப் பணியாளர் தேர்வாணைய விண்ணப்பத்துக்குப் படத்தை 50 கே.பி.க்குள் அடக்கப் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து நிற்கிறோமே, அவ்வேலை ஜிம்ப்பில் ஒரு நிமிடத்தில் முடியும். சேமிக்கும்போதே கோப்பின் அளவைக் காட்டும்; தரத்தைச் சற்றுக் குறைத்தால் அளவு இறங்குவது கண்ணெதிரே தெரியும்.

காமிராவின் 'ரா' கோப்புகளுக்கு டார்க்டேபிள், ராதெரபி என்னும் கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. பங்குனியில் அறுபத்து மூவர் ஊர்வலத்தைப் படமெடுத்தவர்க்கு அதன் அருமை தெரியும். பிற்பகல் வெயிலில் வெள்ளை வேட்டி கண்ணைக் கூசும். கோபுர நிழலில் நிற்போர் முகம் இருண்டிருக்கும். ஜேபெக் படத்தில் அவற்றுள் ஒன்றை இழக்க நேரும். 'ரா' கோப்பு இரண்டையும் பெரிதும் காத்து வைத்திருக்கும். அதை 'டார்க் ரூமில்' கழுவுவதுபோல் பதமாக வெளிக்கொணரும் பணி டார்க்டேபிளுடையது. அதன் பெயரும் அதையே நினைவூட்டுகிறது.

தமிழர்க்கு இன்னுமொரு காரணம் உண்டு. பல ஆண்டுகள் நம் அச்சகங்களும் விளம்பரப் பலகைக் கடைகளும் வணிக மென்பொருளில் யூனிகோடு தமிழை இட்டால், கொம்பு ஒருபுறமும் எழுத்து மறுபுறமுமாகச் சிதறி நின்றது. ஆகவே பழைய எழுத்துருக்களையும் மாற்றிகளையும் நாட நேர்ந்தது. பிற்காலப் பதிப்புகளில் அக்குறை நீங்கியது. ஆனால் ஜிம்ப், எழுத்துகளைக் கோக்கும் பணிக்குத் தானும் கட்டற்ற நிரலான ஹார்ஃப்பஸ்ஸைப் பயன்படுத்துவதால், அதில் தமிழ் பிழையின்றி அமர்கிறது. நம் மலரின் படங்களுக்குத் தலைப்பிட இஃது எவ்வளவு உதவும் என்பதை மலர்க் குழுவினரே அறிவர்.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்னும் ஒரே சொல் விலையின்மைக்கும் விடுதலைக்கும் பொதுவாய் நின்று குழப்புகிறது. தமிழ் நமக்கு இரு சொற்களைத் தந்திருக்கிறது. விலையில்லாதது இலவசம்; பூட்டில்லாதது கட்டற்றது. 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் வலியுறுத்திய உரிமைகள் நான்கு: எப்பயனுக்கும் இயக்கலாம், எவ்வாறு இயங்குகிறது எனக் கற்று மாற்றலாம், பிறர்க்குப் பகிரலாம், மாற்றியதையும் பகிரலாம். ஜிம்ப் இந்நான்கையும் தருகிறது.

இவ்வேறுபாட்டுக்கு அண்மைச் சான்று ஒன்று. அஃபினிட்டி என்னும் சிறந்த வணிக மென்பொருளை 2024இல் கான்வா நிறுவனம் வாங்கியது. 2025 அக்டோபரில் அதை விலையின்றி வழங்கத் தொடங்கியது. மகிழ்ச்சிதான். ஆயினும் மூலநிரல் அந்நிறுவனத்திடமே இருக்கிறது. இன்று விலை வேண்டாம் என்பவர் நாளை வேண்டும் எனலாம்; மறுக்க நமக்கு உரிமையில்லை. ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர அவர் அனுமதிப்பது இலவசம். ஊர்ப் பொதுக்குளத்தில் நீர் மொள்வது உரிமை. உலகம் விரும்பும் பேரறிவாளனின் செல்வத்தை வள்ளுவர் ஊருணி நீருக்கு ஒப்பிட்டார். மென்பொருளில் அவ்வூருணியை ஜிம்ப்பிலும் டார்க்டேபிளிலும் காண்கிறேன்.

நந்தனமும் தரமணியும்

இவையெல்லாம் வெளிநாட்டுச் செய்திகள் என எண்ண வேண்டா. நந்தனத்தில் அண்ணா சாலையிலுள்ள எல்காட் என்னும் அரசு நிறுவனம், திரு. உமாசங்கர் இ.ஆ.ப. அவர்கள் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2006, 2007ஆம் ஆண்டுகளில் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக்காட்டியது. தரமணி டைடல் பூங்காவில் இயங்கிய சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, 2007இல் பாஸ் என்னும் இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் அந்த பாஸ் லினக்ஸையும் மடிக்கணினியில் சேர்த்தே கொடுத்தார்கள். நம்முள் பலர் வீட்டில் அக்காவோ அண்ணனோ பெற்ற அம்மடிக்கணினி இருந்தது. கணினியைத் திறக்கும்போது தோன்றும் இரு வரிகளுள் அந்த இரண்டாவது வரியை எத்தனை பேர் தேர்ந்தெடுத்துப் பார்த்தோம்? என் அக்காவின் மடிக்கணினியில் நானும் பார்த்ததில்லை. கதவு திறந்தே இருந்தது, நாம்தாம் நுழையவில்லை.

மறுப்போர்க்கு விடை

"வேலைக்குப் போகும் இடத்தில் ஃபோட்டோஷாப் தெரியுமா என்றுதானே கேட்கிறார்கள்?" என்பது நண்பர்கள் கூறும் முதல் மறுப்பு. உண்மை. விளம்பர நிறுவனத்தில் சேர விரும்புவோர் அதையும் கற்கத்தான் வேண்டும். மாணவர் சலுகை விலையில் அதற்கு வழியுண்டு. ஆனால் ஒளி, நிறம், அடுக்கு, மறைப்பு ஆகியவற்றின் இலக்கணம் ஒன்றே. சைக்கிள் ஓட்டக் கற்றவன் எந்தக் கம்பெனிச் சைக்கிளையும் ஓட்டுவான். மாணவர் சலுகையோ மாணவப் பருவத்தோடு முடிவது என்பதையும் நினைவிற்கொள்க.

"அச்சகத்தார் ஏற்பார்களா?" என்பது இரண்டாவது. இதில் ஜிம்ப்புக்குக் குறை உண்டு. அச்சுக்குரிய நான்கு நிற முறையில் நேரடியாகத் திருத்தும் வசதி அதில் இன்னும் இல்லை. அச்சில் எவ்வாறு தோன்றும் என முன்னோட்டம் பார்க்க இயலும். ஃபோட்டோஷாப் கோப்புகளைத் திறக்கும். ஆனால் சிக்கலான அடுக்குகள் முழுமையாக வாரா. பெரும் விளம்பர நிறுவனத்துக்கு இக்குறை பெரிது. படத்தைத் திருத்தி ஜேபெக்காகவோ டிஃப்பாகவோ அச்சகத்துக்குத் தரும் கல்லூரி மலருக்கு இது தடையாகாது.

"பழக்கம் வரவில்லையே" என்பது மூன்றாவது. எனக்கும் முதல் வாரம் வரவில்லை. கருவிகள் வேறிடத்தில் இருந்தன. குறுக்கு விசைகள் மாறியிருந்தன. 2018இல் வந்த 2.10 பதிப்புக்கும் 3.0க்கும் இடையே ஏறத்தாழ ஏழாண்டு இடைவெளி என்பதும் தொண்டர் உழைப்பின் மெதுவான நடையைக் காட்டுகிறது. ஆயினும் மூன்றாம் வாரத்தில் கை தானாகவே கருவியைத் தேடிச் சென்றது. பழக்கம் என்பது காலம். காலம் மாணவர் கையில் உள்ள செல்வம்.

செய்யத்தக்கவை

பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் மூன்று வேண்டுகோள். முதலாவது, நம் கணிப்பொறி ஆய்வகத்தில் ஜிம்ப்பையும் டார்க்டேபிளையும் நிறுவ வேண்டும். கல்லூரிக்கு ஒரு காசு செலவில்லை. உரிமம் புதுப்பிக்கும் கவலையும் இல்லை. பழைய கணினிகளில் டார்க்டேபிள் தள்ளாடும், ஜிம்ப் ஓடும். இரண்டாவது, அடுத்த ஆண்டு மலரின் படங்கள் யாவும் கட்டற்ற மென்பொருளிலேயே திருத்தப்பட வேண்டும். கற்றவர் கல்லாதவர்க்கு வாரம் ஒரு மாலை சொல்லித் தரலாம். நான் வர ஆயத்தமாக இருக்கிறேன். தானே கற்க விரும்புவோர்க்கு மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' வரிசையில் ஜிம்ப் பாடங்கள் உள்ளன. கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கவே 2012இல் தொடங்கிய 'கணியம்' இதழின் கட்டுரைகளும் உள்ளன.

மூன்றாவது வேண்டுகோள் தமிழ்த்துறை நண்பர்களுக்கு. ஜிம்ப்பைத் தமிழிலும் இயக்கலாம்; ஆனால் மொழிபெயர்ப்பு இன்னும் முழுமை பெறவில்லை. நிரல் எழுதத் தெரியாதவரும் நல்ல தமிழ் தெரிந்தால் அப்பணிக்குத் தோள் கொடுக்க இயலும். கலைக் கல்லூரி மாணவனுக்கு மென்பொருளில் என்ன வேலை என்று கேட்போர்க்கு இதைவிடச் சிறந்த விடை ஏது? வாடகை மென்பொருளில் நாம் வாடிக்கையாளர். கட்டற்ற மென்பொருளில் நாமும் ஆக்குவோருள் ஒருவர்.

இறுதியாக ஒன்று. நூலக உதவியாளரின் பிரிவு விழாவில் வேறொரு மாணவி தன் கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று அண்மையில் கிடைத்தது. மாலை அணிந்து அவர் நிற்கிறார். பின்னால் சன்னல் வெளிச்சம். முகம் முழுதும் இருள். இரண்டு மாலைகள் ஜிம்ப்பில் அமர்ந்து அம்முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தேன். மந்தைவெளியிலுள்ள அவர் வீட்டுக்குச் சென்று கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "சட்டை நல்லா விழுந்திருக்கு" என்றார். தொலைந்த மற்றப் படங்களைப் பற்றிய உண்மையையும் அன்றுதான் அவரிடம் சொன்னேன். "போனா போகுது, விடுப்பா" என்றார்.

அப்படத்தின் கோப்பு, அடுக்குகள் யாவும் சிதையாமல், என்னிடம் உள்ளது. இன்னும் இருபது ஆண்டு கழித்து அவர் பேரப்பிள்ளைகள் வந்து கேட்டாலும், எவருக்கும் வாடகை கட்டாமல் அதைத் திறந்து கொடுக்க இயலும் என்னும் நம்பிக்கை எனக்கு உண்டு. அந்நம்பிக்கையை நம் கல்லூரியின் ஒவ்வொரு படத்துக்கும் அளிப்போமாக!